மோட்டார் சைக்கிள் கிளட்சைக் கைக்கு இலகுவாக்கும் முறை

காவேரிப் பாசனத்தின் கடைமடையாகிய சீர்காழிப் பகுதியில் மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய ஒரு விவசாயக் கருவியாகவே ஆகிவிட்டது. விதை மூட்டை, உர மூட்டை, பால் கேன், கைத்தெளிப்பான், பம்பு செட்டுக்கு வேண்டிய டீசல் ஆகியவை யாவும் அதன்மேல் ஏறியே வயலுக்குப் போகின்றன. திருவெண்காடு, திருமுல்லைவாசல், கொள்ளிடம் முதலிய ஊர்களைச் சூழ்ந்த கிராமங்களில் தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து வாய்க்கால் கரைதான் பாதை. குறுகிய கரையில் எதிரே ஆடு மாடுகள் வரும். குருவை அறுப்புக் காலமானால் அறுவடை யந்திரமும் வரும். மழை பெய்தால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இவ்வாறான வழிகளில் வண்டி வேகமாகப் போவதில்லை. கிளட்சை அடிக்கடி பிடித்தும் விட்டும், பாதி பிடித்தபடியும் ஊர்ந்து செல்வதே வழக்கம். ஆதலின் பட்டணத்து ரோடில் ஓட்டுகிறவரைவிட வயற்காட்டில் ஓட்டுகிறவருக்கு இடது கையின் உழைப்பு அதிகம்.

கிளட்ச் கனமாக இருந்தால் நாளடைவில் பெருவிரலின் அடியிலும் மணிக்கட்டிலும் வலி காணும். வயது முதிர்ந்தோரும், நாற்றுப் பறித்துக் கை சோர்ந்தோரும் லீவரை முழுவதும் பிடிக்க மாட்டாமல் பாதியில் விட்டுவிடுவர். சுமையேற்றிய வண்டி கரைமேல் ஒரு துள்ளுத் துள்ளுவதற்கு அதுவே போதும். கரையின் ஒருபுறம் வாய்க்காலும் மறுபுறம் பள்ளமும் இருக்க, அத்துள்ளலின் விளைவு இன்னதென்று சொல்லவேண்டியதில்லை.

இக்குறைக்குச் சிலர் செய்யும் பரிகாரம் கிளட்ச் ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்குவது, அல்லது நான்கில் ஒன்றைக் கழற்றிவிடுவது. இது நோயை விட்டு உறுப்பை அறுப்பது போன்றதாகும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் புதிதாகத் தோன்றும் கனம் பெரும்பாலும் ஸ்பிரிங்கில் இருப்பதன்று. கைக்கும் கிளட்சுக்கும் இடையிலுள்ள வழியில் உராய்வாக அது ஒளிந்திருக்கிறது. அவ்வுராய்வை நீக்கினால் பிடிப்பது இலேசாகும், விடுவதும் சீராகும். இதனைச் செய்யும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிளட்சின் வேலை

இன்று வழக்கிலுள்ள சிறு மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தகடுகளின் தொகுதி. உராய்வுப் பொருள் ஒட்டிய தகடுகள் இஞ்சினோடு சேர்ந்து சுழலும்; அவற்றின் இடையிடையே உள்ள இரும்புத் தகடுகள் கியரோடு சேர்ந்து சுழலும். நான்கு முதல் ஆறு வரையிலான ஸ்பிரிங்குகள் இவ்வடுக்கை இறுக்கிப் பிடித்திருக்கும்போது இஞ்சினின் சக்தி சக்கரத்துக்குச் செல்கிறது. கையிலுள்ள லீவரைப் பிடித்தால் கேபிளின் உட்கம்பி இழுபட்டு, இஞ்சின் பக்கத்திலுள்ள சிறு கையைத் திருப்பும். அக்கை ஒரு தள்ளுகோலை, அதாவது புஷ் ராடை, நகர்த்தி ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தை விலக்கும். அப்போது தகடுகள் ஒன்றையொன்று விட்டு நழுவும்.

ஆகவே ஸ்பிரிங் நமக்குப் பகையன்று. சுமையேற்றிய வண்டி மேட்டில் ஏறும்போது தகடுகள் வழுக்காமல் காப்பது அதுவே. கை செய்யும் வேலையில் ஒரு பகுதி அந்த ஸ்பிரிங்கை வெல்வதற்கு அவசியமானது. மற்றொரு பகுதி கேபிளிலும் மூட்டுகளிலும் வீணாகிறது. நாம் குறைக்கவேண்டியது இந்த வீண் பகுதியையே.

கனம் எங்கிருந்து வருகிறது

முரட்டுக் காளையின் கயிற்றைத் தென்னை மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தால் ஒரு சிறுவனும் அதனை நிறுத்திவிடலாம் என்பது கிராமத்தில் யாவரும் அறிந்த விஷயம். கயிறு மரத்தோடு உராய்வதால், சுற்றுக்குச் சுற்று அதன் பிடிப்புப் பன்மடங்கு பெருகுகிறது. கிளட்ச் கேபிளிலும் நடப்பது இதுவே. உட்கம்பி வெளியுறைக்குள் வளைந்து வளைந்து செல்கிறது. ஒவ்வொரு வளைவும் மரத்தில் சுற்றிய கயிற்றின் ஒரு பகுதிக்குச் சமானம். வளைவுகள் மொத்தமாக எத்தனை டிகிரி என்பதும், கம்பி எவ்வளவு வழுவழுப்பாக நகர்கிறது என்பதுமே கைப்பளுவைத் தீர்மானிக்கின்றன.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். இஞ்சின் பக்கத்துக் கையை அசைக்க 15 கிலோ இழுப்புத் தேவை என்றும், கேபிளின் வளைவுகள் யாவும் சேர்ந்து 180 டிகிரி என்றும், கையிலுள்ள லீவர் பலத்தை 3.6 மடங்காக்குகிறது என்றும் கொள்வோம். அப்போது விரலுக்கு வேண்டிய பலம் வருமாறு:

உராய்வு எண் 0.05 (புதிய, வழுவழுப்பான கேபிள்): பிடிக்க 4.9 கிலோ, விடும்போது விரலில் தங்கும் பலம் 3.6 கிலோ.
உராய்வு எண் 0.1: பிடிக்க 5.7 கிலோ, விடும்போது 3.0 கிலோ.
உராய்வு எண் 0.2: பிடிக்க 7.8 கிலோ, விடும்போது 2.2 கிலோ.
உராய்வு எண் 0.3 (உலர்ந்து துருவேறிய கேபிள்): பிடிக்க 10.7 கிலோ, விடும்போது 1.6 கிலோ.

இக்கணக்கில் ஸ்பிரிங் சிறிதும் மாறவில்லை என்பதைக் கவனிக்க. ஆயினும் கைப்பளு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. உராய்வு 0.3 ஆக இருக்கும்போதே வளைவை மட்டும் 180 டிகிரியிலிருந்து 90 டிகிரியாகக் குறைத்தால், பிடிக்க வேண்டிய பலம் 10.7 கிலோவிலிருந்து 6.7 கிலோவாக இறங்கும்.

இன்னொன்றும் இதில் விளங்கும். உராய்வு பிடிக்கும்போது கைக்கு எதிராக நிற்கிறது. விடும்போது ஸ்பிரிங்குக்கு எதிராக நிற்கிறது. கடைசி வரியிலுள்ள கேபிளில் லீவரைத் திருப்பித் தள்ளும் பலம் 1.6 கிலோ மட்டுமே. அதனால் லீவர் ஓரிடத்தில் ஒட்டி நின்று, பிறகு திடீரென்று நழுவும், வண்டி துள்ளும். கனமும் துள்ளலும் இரண்டு நோய்கள் என்று எண்ணி இரண்டு வைத்தியம் செய்வது தவறு. பெரும்பாலும் அவை ஒரே நோயின் இரண்டு அடையாளங்களே.

குறை இருக்கும் இடத்தை அறிதல்

எதையும் கழற்றுமுன் அளந்து பார்ப்பது நலம். காய்கறி நிறுக்கும் கொக்கியுள்ள ஸ்பிரிங் தராசு ஒன்று போதும். இஞ்சினை நிறுத்திவிட்டு, தராசின் கொக்கியை லீவரில் விரல் படும் இடத்தில் மாட்டி, கைப்பிடியை நோக்கி மெல்ல இழுக்கவேண்டும். லீவர் பாதி வழி வரும்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்க. பிறகு முழுவதும் இழுத்து, மெல்ல மெல்ல விட்டு, அதே பாதி வழியில் காட்டும் எண்ணையும் குறிக்க. இரண்டு எண்களும் நெருங்கியிருந்தால் வழி சுத்தமாயிருக்கிறது, கனம் ஸ்பிரிங்கினுடையதே. இரண்டுக்கும் வித்தியாசம் மிகுதியாயிருந்தால் உராய்வே காரணம் என்று அறியலாம்.

அடுத்து, கேபிளை இஞ்சின் பக்கத்துக் கையிலிருந்து கழற்றி, உட்கம்பியை இருமுனையிலும் விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கவேண்டும். எவ்விதத் தடையுமின்றி அது வழுக்கி வரவேண்டும். ஹேண்டில்பாரை வலக்கோடிக்கும் இடக்கோடிக்கும் திருப்பி இச்சோதனையை மீண்டும் செய்க. ஒருபுறம் திருப்பும்போது மாத்திரம் இறுகினால், கேபிள் போகும் வழி சரியில்லை என்பது பொருள். எப்பக்கமும் இறுக்கமாயிருந்தால் கேபிளே கெட்டிருக்கிறது. கேபிள் நன்றாக இருந்தால் லீவரின் மூட்டையும், இஞ்சின் பக்கத்துக் கையின் மூட்டையும் முறையே சோதிக்கவேண்டும்.

கேபிளைச் செப்பனிடுதல்

சீர்காழிப் பகுதி கடலுக்கு அருகில் உள்ளது. உப்புக் காற்றும், வடகிழக்குப் பருவ மழையும், களிமண் சேறும் கேபிளுக்குப் பெரும் விரோதிகள். 2022ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்ததை வாசகர்கள் மறந்திரார். அத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டியின் கேபிளுக்குள் புகுந்த நீர் தானாக வெளியே வருவதில்லை. வெயில் வந்து வண்டி உலர்ந்த பின்னரும் உறைக்குள் ஈரம் தங்கித் துருவை வளர்க்கும்.

கேபிளில் இரண்டு வகை உண்டு. உறைக்குள் வெறும் இரும்புச் சுருள் மட்டும் உள்ளது பழைய வகை. இதனைக் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் பழைய சைக்கிள் ட்யூபின் துண்டு ஒன்றைப் புனல்போல இறுகக் கட்டி, முதலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி அழுக்கைக் கழுவவேண்டும். கீழே சொட்டும் நீர் தெளிந்த பின், மெல்லிய யந்திர எண்ணெயை ஊற்றி ஓர் இரவு வைத்திருக்க, எண்ணெய் கீழ்முனைவரை தானே இறங்கிவிடும். இரண்டாவது வகையில் உறைக்குள் வழுவழுப்பான பிளாஸ்டிக் குழல் ஒன்று இருக்கும். இதற்குக் கெட்டியான கிரீஸ் இடலாகாது. அது அழுக்கைச் சேர்த்துக் கம்பியை இறுக்கிவிடும். வண்டியின் கைப்புத்தகத்தில் சொல்லியபடி இலேசான எண்ணெய் மாத்திரம் இடலாம். எண்ணெயே வேண்டாம் என்று சொல்லியிருந்தால் விட்டுவிடலாம்.

சமையல் எண்ணெய்களை உபயோகிப்பது கூடாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்; மார்கழி விடியலில் கிளட்சும் அதனோடு உறையும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் முதலியவை நாட்பட்டுப் பிசின்போல் ஆகித் தூசியைப் பிடிக்கும்.

உட்கம்பியில் ஒரு புரி அறுந்திருந்தாலும் எண்ணெயிட்டுப் பயனில்லை, கேபிளை மாற்றிவிடவேண்டும். அறுந்த புரி உறையைக் கிழித்துக்கொண்டே இருக்கும். மீதிப் புரிகளும் வழியில் எங்கேனும் அறும். புதியது வாங்கும்போது அந்த வண்டிக்கு உரிய நீளத்தையே வாங்குக. நீளம் அதிகமானால் அது வளைந்து கிடக்கும். வளைவு எவ்வளவு தீமை என்பதை மேலே கண்டோம். உயரமான ஹேண்டில்பார், கண்ணாடித் தடுப்பு, பால் கேன் தொங்கவிடும் கம்பி முதலியவற்றைப் புதிதாகப் பொருத்திய பின் கேபிள் எங்கேனும் முறுகியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். கேபிளைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டலாகாது. வளையம்போல் தளர்த்தியாகப் பிடித்திருந்தால் போதும்.

லீவரும் விரல் வைக்கும் இடமும்

கடப்பாரையால் கல்லைப் புரட்டுகிறவன் அதன் நுனியையே பிடிப்பான். கிளட்ச் லீவரும் ஒரு கடப்பாரையே. லீவர் திரும்பும் ஆணியிலிருந்து கேபிள் மாட்டும் இடம் 25 மில்லிமீட்டர் என்றும், விரல் படும் இடம் 90 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், பலம் 3.6 மடங்காகிறது. விரல் 110 மில்லிமீட்டரில் பட்டால் 4.4 மடங்காகும். கேபிளில் 25 கிலோ இழுப்புத் தேவையானால், முதல் நிலையில் விரலுக்கு ஏறக்குறைய 7 கிலோவும், இரண்டாம் நிலையில் 5.7 கிலோவும் ஆகும். ஒரு காசும் செலவின்றிக் கிடைக்கும் இலாபம் இது. லீவரைத் தாங்கும் பட்டையின் திருகைத் தளர்த்தி, பட்டையை ஹேண்டில்பாரின் நடுப்பக்கமாகச் சிறிது நகர்த்தினால், விரல்கள் தாமே லீவரின் நுனியில் வந்து விழும். முன்கையும் மணிக்கட்டும் நேர்கோட்டில் இருக்குமாறு லீவரின் சாய்வையும் அப்போதே அமைத்துக்கொள்க.

லீவர் திரும்பும் ஆணியைக் கழற்றித் துடைத்து, சிறிது கிரீஸ் தடவி மாட்டவேண்டும். கேபிளின் நுனியிலுள்ள குண்டு, அதாவது நிப்பிள், லீவரின் துளையில் தடையின்றிச் சுழலவேண்டும். அது ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் கம்பி அவ்விடத்தில் மடிந்து மடிந்து அறும். கேபிள்கள் பெரும்பாலும் நிப்பிளின் அருகிலேயே அறுவதற்குக் காரணம் இதுவே.

இஞ்சின் பக்கத்துக் கையை நீளமாக்கிப் பளுவைக் குறைக்கும் வழக்கமும் உண்டு. 40 மில்லிமீட்டர் கையை 48 மில்லிமீட்டராக்கினால் 15 கிலோ இழுப்பு 12.5 கிலோவாகும். ஆனால் 10 மில்லிமீட்டர் இழுத்த இடத்தில் இனி 12 மில்லிமீட்டர் இழுக்கவேண்டும். லீவர் கைப்பிடியைத் தொட்ட பின்னும் தகடுகள் முழுவதும் விலகாமற்போனால், கியர் கறகறக்கும்; நியூட்ரல் விழாது; நின்ற வண்டி முன்னே இழுக்கும். பலத்தில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்தே தீரவேண்டும் என்பது நெம்புகோலின் நியதி. ஆதலின் உராய்வை முற்றும் நீக்கிய பின்னரே, அதுவும் தேர்ந்த மெக்கானிக்கின் துணையோடு, இம்முறையைக் கையாளலாம்.

லீவரில் விடவேண்டிய தளர்வு

கேபிளை மாட்டியபின் லீவரில் சிறிது வெற்று அசைவு இருக்கவேண்டும். பல சிறு வண்டிகளில் இது லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை என்று விதித்திருக்கிறார்கள். தத்தம் வண்டியின் கைப்புத்தகத்தில் உள்ள அளவே பிரமாணம். தளர்வு சிறிதும் இல்லாவிடில் தகடுகள் எப்போதும் சற்றே விலகி நின்று வழுக்கித் தேயும். தளர்வு மிகுந்தால் கிளட்ச் முழுவதும் விலகாது. தகடு தேயத் தேய இத்தளர்வு மாறிக்கொண்டே வரும். ஆகவே மாதம் ஒருமுறை பார்த்துத் திருத்தவேண்டும்.

உட்பகுதிகள்

வழி சுத்தமான பின்னும் வண்டி துள்ளினால் கிளட்சின் மூடியைத் திறந்து பார்க்கவேண்டும். இது பட்டறையில் செய்யத்தக்கது. கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கிளட்ச் ஹவுசிங்கின் காடிகள். தகடுகளின் காதுகள் இடித்து இடித்து அக்காடிகளில் பள்ளங்கள் விழுந்திருக்கும். தகடு பள்ளத்தில் சிக்கி நின்று பிறகு குதிப்பதால் துள்ளல் உண்டாகும். பள்ளம் சிறிதாயின் மெல்லிய அரத்தால் சமன் செய்யலாம். ஆழமாயின் ஹவுசிங்கை மாற்றவேண்டும். இரண்டாவது, இரும்புத் தகடுகளின் சமன். தடித்த கண்ணாடியின்மேல் தகட்டை வைத்துப் பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். கோணியதும், சூட்டால் நீலம் பாரித்ததும் ஆகாதவை. மூன்றாவது, புஷ் ராடும் அதன் முனையும். தேய்ந்தும் வளைந்தும் இருந்தால் மாற்றுக. புதிய உராய்வுத் தகடுகளைப் பொருத்துமுன் இஞ்சின் எண்ணெயில் ஊறவைப்பது அவசியம்.

கிளட்ச் எண்ணெயில் நனைந்து ஓடும் வண்டிகளில் எண்ணெயின் குணமும் முக்கியம். மோட்டார் கார்களுக்கென்று செய்த சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் மருந்துகள் சேர்ந்திருக்கும். அவை தகடுகளை வழுக்கச் செய்யும். டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி உள்ள எண்ணெயை, கைப்புத்தகம் கூறும் தடிப்பில் வாங்குவதே தக்கது. டிராக்டருக்கு வாங்கியதில் மீந்ததை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவது சிக்கனமாகாது.

ஸ்பிரிங்கை ஏன் தொடலாகாது

நான்கு ஸ்பிரிங்குகளில் ஒன்றை நீக்கினால் அழுத்தம் முக்காலாகக் குறைகிறது. கிளட்ச் தாங்கும் சக்தியும் அவ்வாறே குறைகிறது. அம்மட்டோ? அழுத்தும் தகடு ஒருபுறம் சாய்ந்து, தகடுகள் ஒரே சமயத்தில் விலகாமலும் சேராமலும் போகும். கை இலேசானது போல் தோன்றினாலும் துள்ளல் அதிகரிக்கும். ஐம்பது கிலோ மூட்டை இரண்டை ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கரையிலிருந்து ரோட்டுக்கு ஏறும்போது இஞ்சின் இரையும், வண்டி ஏறாது. சில மாதங்களில் தகடுகள் கருகிவிடும். கேபிள் ஒன்றின் விலையோடு தகடுகளின் விலையையும் பட்டறைக் கூலியையும் ஒப்பிட்டுப் பார்த்தால் எது சிக்கனம் என்பது விளங்கும்.

வண்டி செய்வோர் கண்ட வழிகள்

1955ஆம் வருஷத்தில் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு கம்பெனி, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் செய்த புல்லட் வண்டிகள் உழைப்புக்கும், கூடவே கிளட்சின் கனத்துக்கும் பெயர் பெற்றவை. பழைய புல்லட்டுகளைப் பேணி வைத்திருப்போர் பலர் கேபிளின் போக்கையும் புஷ் ராடையும் சரிசெய்தே அக்கனத்தைக் குறைத்து வருகிறார்கள். ஓசூரில் டி.வி.எஸ். கம்பெனியார் 1980ஆம் வருஷத்தில் வெளியிட்ட மொபெட்டில் வேறொரு வழி கண்டனர். இஞ்சினின் வேகம் கூடும்போது கிளட்ச் தானே பிடித்துக்கொள்ளும் அமைப்பு அது. கையால் பிடிக்கும் கிளட்ச் லீவரே கிடையாது. அதன் வழிவந்த எக்ஸெல் வண்டிகள் கிராமங்களில் சுமை வண்டியாகப் பரவியதற்கு இச்சௌகரியமும் ஒரு காரணம் எனலாம். கைவலி நீங்காதவர்கள் அடுத்த வண்டி வாங்கும்போது இதனை யோசிக்கலாம். 2018ஆம் வருஷத்தில் இந்தியாவில் வெளியான யமாஹா ஆர்15 மூன்றாம் பதிப்பு முதலிய சில வண்டிகளில், இஞ்சின் இழுக்கும்போது தகடுகளைத் தாமே இறுக்கும் சாய்ந்த பற்கள் உண்டு. அவற்றின் துணை இருப்பதால் அங்கே மெலிந்த ஸ்பிரிங் போதுமானதாகிறது. அப்பற்கள் இல்லாத வண்டியில் ஸ்பிரிங்கை மட்டும் மெலிப்பது பொருந்தாது.

ஓட்டும் பழக்கமும் பருவப் பராமரிப்பும்

ரயில்வே கேட்டில் நிற்கும்போது கியரைப் போட்டு கிளட்சைப் பிடித்தபடி காத்திருப்பது கைக்கும் கேடு, கிளட்சுக்கும் கேடு. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கையை விட்டுவிடவேண்டும். சேற்றில் ஊர்ந்து செல்ல வேண்டியபோது இரண்டாம் கியரில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்துச் செல்வதைவிட முதல் கியரில் முழுவதும் விட்டுச் செல்வது நன்று. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவும்போது கேபிளின் முனைகளில் நேரே பாய்ச்சலாகாது. முனைகளிலுள்ள ரப்பர் மூடிகள் கிழிந்திருந்தால் மாற்றவேண்டும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறையும், தை அறுவடை முடிந்தபின் ஒருமுறையும் கேபிளைக் கழற்றிச் சுத்தம் செய்வதை வழக்கமாக்கிக் கொள்ளலாம். பவர் டில்லரிலும், கைத்தெளிப்பு யந்திரத்திலும், கேபிளால் இயங்கும் பிடி எதுவாயினும் மேற்கூறிய விதிகளே செல்லும்.

சுருக்கம்

1. தராசால் அளந்து, பிடிக்கும் பலத்துக்கும் விடும் பலத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அறிக.
2. கேபிளின் வளைவுகளைக் குறைத்து, சுத்தம் செய்து, தக்க எண்ணெய் இடுக. புரி அறுந்ததை உடனே மாற்றுக.
3. விரல்கள் லீவரின் நுனியில் படும்படி அமைத்து, ஆணிக்கும் நிப்பிளுக்கும் கிரீஸ் தடவுக.
4. கைப்புத்தகம் கூறும் தளர்வை விடுக.
5. பின்னரும் துள்ளினால் காடி, தகடு, புஷ் ராடு ஆகியவற்றைப் பட்டறையில் சோதிக்கச் செய்க.
6. ஸ்பிரிங்கை வெட்டவோ நீக்கவோ வேண்டா.

வேலை முடிந்தபின் அதே தராசை அதே இடத்தில் மாட்டி மீண்டும் ஒருமுறை அளந்து, முன் குறித்த எண்களுக்குப் பக்கத்தில் எழுதி வைத்தால், அடுத்த பருவத்தில் குறை தோன்றும்போதே அதனைக் கண்டுகொள்ளலாம்.